லவினாவின் கைகள்

— கதவை ஏன் பூட்டுறீங்க, ஹெக்டர் மச்சான்?

— நீ ஓடக்கூடாது, அதான். என்ர தங்கச்சிய நான் கொட்டாஞ்சேனையில என்ர வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போறன், ஷெல்டன். வான் கீழ நிக்குது.

— லவினா என்ர பெஞ்சாதி. மிச்சம் இருக்கிற கொஞ்சக் காலமும் நான் பாக்கிறன்.

— நீ? நீ கிட்ட வந்தாலே ரெண்டு கையாலயும் முகத்தைப் பொத்துறாள். கண்ணும் போயிற்றுது, பேரும் மறந்துபோச்சு, உன்ர காலடிச் சத்தம் மட்டும் மறக்கேல்ல! எனக்கெண்டா கையை நீட்டுறாள்.

— அது மூளை வருத்தம், மச்சான். தண்டவாளத்தில கோச்சி கூவிக்கொண்டு போனாலும் துள்ளுறாதானே.

— கோச்சிக்குத் துள்ளுறாள். முகத்தைப் பொத்துறேல்ல. மாதாவாணை, புளுகாத! அடிச்சியா?

— கையை விடுங்கோ, முறியுது... ஓம். அடிச்சனான். தள்ளாடித் தள்ளாடி நடந்தா, கதை குழறிச்சு. களவாக் குடிக்கிறா எண்டு நினைச்சிட்டன். ஒருநாள் கொதிக்கிற கறிச்சட்டியக் கீழ போட்டுட்டா. அண்டைக்கு பெல்ட்டால... மூளையில வருத்தம் எண்டு எனக்கென்ன தெரியும்?

— அது என்ன இழவு வருத்தம்? ஆரிட்ட இருந்து தொத்தினது?

— ஒருத்தரிட்டயும் இல்லை. கிருமியும் இல்லையாம். பிரியோன் எண்டு பேர். எல்லாற்ற மூளையிலயும் இருக்கிற புரோட்டீன்தானாம். அதில ஒண்டு பிழையா மடிஞ்சா, பக்கத்தில இருக்கிற நல்லதைத் தொட்டு அதையும் தன்னை மாதிரியே மடிச்சுப்போடுமாம். அது போய் அடுத்ததை. அப்பிடியே பெருகி, மூளை ஸ்பொஞ்ச் மாதிரி ஓட்டை ஓட்டையாப் போகுதாம். மருந்தில்லை எண்டு டொக்டர் கையை விரிச்சிட்டார்.

— அதுக்கு மருந்தில்லை. உனக்கு இருக்கு. கழட்டடா அந்த பெல்ட்டை!

— மச்சான், லவினா இங்கதான் கட்டில்ல இருக்கிறா...

— கேக்கட்டும்! இது கறிச்சட்டிக்கு! இது அவளின்ர முதுகுக்கு!

— ஐயோ! என்ர பல்லு... யேசுவே, நிப்பாட்டுங்கோ!

— இது அவள் ஒருத்தருக்கும் சொல்லாமக் கிடந்ததுக்கு! எழும்படா!

— போதும், மச்சான்... ரத்தம் நிக்குதில்லை... கூட்டிக்கொண்டு போங்கோ. நான் மறிக்கேல்ல.

— இதை முதலே சொல்லியிருக்கலாம். லவினா, எல்லாம் முடிஞ்சுது, ராசாத்தி. இனி ஒருத்தனும் உன்னைத் தொடமாட்டான். வா, காலமை பிடிச்ச மாதிரி அண்ணன்ர கையைப் பிடி.

— மச்சான், அவவைப் பாருங்கோ...

— நீ வாயை மூடு! லவினா? நான்டி, ஹெக்டர் அண்ணன். பெல்ட்டை எறிஞ்சிட்டன், சத்தம் கேட்டுதே... ஏன்டி எனக்கும் முகத்தைப் பொத்துறாய்?