அண்ணிக்கு முடிவு தெரியும்

டீ ஆறுகிறது, குடியுங்கள் இன்ஸ்பெக்டர் மேடம். சர்க்கரை குறைவாகத்தான் போட்டிருக்கிறேன்.

எங்கள் வீட்டில் சண்டை சச்சரவு கிடையாது. என் கணவரின் அக்காவை நான் அண்ணி என்றுதான் கூப்பிடுவேன். அவர் இங்கே வந்து தங்கியதிலிருந்து நான் ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை. பாழடைந்த மாளிகை, பூட்டிய அறை, படிக்கட்டில் ஈரமான காலடித் தடம் என்று வரும் கதைகள் எனக்கு உயிர். அண்ணிக்கும் அப்படியே. ஆனால் அவர் எந்தப் புத்தகத்தையும் கடைசி அத்தியாயத்திலிருந்துதான் தொடங்குவார். முதலிலேயே தெரிந்துவிட்டால் பயமில்லாமல் படிக்கலாமாம். தெரிந்ததை வாய்க்குள் வைத்துக்கொள்ளவும் முடியாது.

நான் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருப்பேன். பின்னால் வந்து நிற்பார்.

"அந்த டாக்டர் செத்தே ரொம்ப நாளாச்சும்மா. அது தெரியாம அந்தப் பொண்ணு அவனுக்குக் கழுத்தை நீட்டப்போறா."

"அவங்க ரெண்டு பேரும் இன்னும் பேசிக்கவே இல்லையே அண்ணி!"

"அட, இதுகூடத் தெரியாமலா படிக்கிறே?"

மாடி அறையில் மின்விசிறி, குளியலறை எல்லாம் உண்டு. ஒரு நாள் அண்ணி போர்வை எடுக்க உள்ளே போனார். நான் கதவைப் பூட்டினேன். கோபமெல்லாம் இல்லை, கையிலிருந்த நாவலில் முக்கியமான கட்டம். காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு வேளாவேளைக்கு வராந்தா பக்க ஜன்னல் வழியாகச் சாப்பாடு கொடுத்தேன்.

வெளியூரிலிருந்து கணவர் போன் செய்தார். "அக்கா எங்க?"

"மாடியில படிச்சிட்டு இருக்காங்க."

"சரி, தொந்தரவு பண்ணாதே."

பண்ணவில்லை.

நான் செய்த தவறு ஒன்றுதான். பொழுது போகட்டுமே என்று அலமாரியில் இருந்ததையெல்லாம் அள்ளி அவரிடம் கொடுத்துவிட்டேன். அதில் என் நாவலின் இரண்டாம் பாகமும் போய்விட்டது. நேற்று முதல் பாகம் முடிந்தது. கதாநாயகி நிலவறைக் கதவில் கை வைத்திருக்கிறாள்; இன்னும் திறக்கவில்லை. ஜன்னலில் நின்று புத்தகத்தைக் கேட்டேன். பஞ்சு இருந்ததால் அண்ணி சொன்னது கேட்கவில்லை. முகத்தைப் பார்த்தால் மறுப்பு மாதிரி இருந்தது.

அதனால்தான் நானே உங்களைக் கூப்பிட்டேன். மனசாட்சி உறுத்தியது என்று எழுதிக்கொள்வதானாலும் எனக்கு ஆட்சேபம் இல்லை.

இதோ சாவி. முதலில் புத்தகத்தை வாங்கி வந்துவிடுங்கள். நான் படித்து முடிக்கும்வரை அண்ணி மேலேயே இருக்கட்டும். குடும்பம் என்றால் யாராவது விட்டுக்கொடுத்துத்தானே போக வேண்டும். எப்போதும் நானேவா?