நூறு கோடியே ஏழு

அன்புள்ள ரோஷினிக்கு,

அந்த ஞாயிற்றுக்கிழமை கள்ளிக்குப்பம் குடியிருப்புச் சங்க அறையில் மூன்று பேர் இருந்தோம். வெளிச்சத்துக்காக ஜன்னலோரம் உன் அப்பா எத்திராஜ். மின்விசிறிக்குக் கீழே மங்களம் டீச்சர். கதவருகில் நான். வாரம் ஒருவர் ஓர் எண் கொண்டுவருவோம். மற்றவர்கள் அதை வகுத்து ஆராய வேண்டும். பேப்பரும் பென்சிலும்தான். செல்போன், கால்குலேட்டர் கூடாது.

அன்று என் முறை. 10,001 பகா எண் என்றேன்.

"எழுவத்தி மூணால வகுத்துப் பாத்தியா நைனா? நூத்தி முப்பத்தேழு தபா அழகா போவுது. உங்க ஊரு ஸ்கூல்ல எழுவது வரைக்கும்தான் சொல்லிக் குட்தாங்களா?" என்றார் உன் அப்பா. டீச்சருக்குச் சிரிப்பில் டீ புரையேறியது. நானும் சிரித்தேன்.

அடுத்த வாரம் அவரைக் கண் டாக்டரிடம் அழைத்துப்போனவன் நான்தான். கண்ணில் அழுத்தம் ஏறியிருக்கிறது, ஆபரேஷனைத் தள்ளிப்போட்டால் போன பார்வை திரும்பாது என்று டாக்டர் சொன்னார். உன்னிடம் சொல்ல வேண்டாமென்று உன் அப்பா கேட்டுக்கொண்டார். சொல்லவில்லை.

மறுபடி என் முறை வந்தபோது நூறு கோடியே ஏழு என்ற எண்ணைக் கொடுத்தேன். இரண்டு பெரிய எண்களின் பெருக்கற்பலன் இது, கண்டுபிடியுங்கள் என்றேன். வீட்டாரிடமும் கேட்கக் கூடாது என்று அன்றே ஒரு விதி சேர்த்துச் சுவரில் ஒட்டினேன். கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் உனக்கு அந்த எண் பார்த்தவுடன் தெரிந்திருக்கும். அது பகா எண். எதனாலும் வகுபடாது.

ஏழு, பதினொன்று, பதிமூன்று என எதனால் வகுத்தாலும் மீதி ஆறு வந்ததில் அவருக்கு ஒரே சந்தோஷம். "இதுல இன்னாவோ கீது நைனா" என்றார். வர்க்கமூலமான 31,622 வரை பார்த்தால் போதும்; அதற்குள் 3,401 பகா எண்கள். ஒவ்வொன்றாக வகுத்தார். ஆபரேஷன் ஆனால் ஒரு மாதம் எழுத முடியாதாம். "இத்த முட்ச்சிட்டுப் போறேன்" என்றார். நான் தடுக்கவில்லை. பெரியவர் விருப்பம்.

"பொண்ணுகிட்ட ஒரு வார்த்தை கேட்டா என்னங்க?" என்றார் டீச்சர் ஒருநாள். நான் சுவரைக் காட்டினேன். டீச்சர் சுவரைப் பார்க்கவில்லை, என்னையே பார்த்தார். அதன்பின் அவர் வரவில்லை.

பதினான்கு மாதத்தில் முடித்துவிட்டார். "எங்கியும் மீதி பூஜ்யம் வர்ல நைனா. பகா எண்ணா இருக்குமோ?"

சரியாகத்தான் கண்டுபிடித்திருந்தார். "உங்க கண்ணு இருக்கிற நிலைமையில எங்கயோ தப்பு விட்டிருப்பீங்க. முதல்ல இருந்து பாருங்க" என்றேன். தன் கண்ணைவிட என்னை நம்பினார். இரண்டாவது சுற்றில் ஆறாயிரத்தைத் தாண்டும்போது இடது கண் போனது. பத்தாயிரத்துக்குள் வலது கண்.

நேற்று போனில், "அங்கிள், அப்பாவை ஏன் ஆபரேஷனுக்கு அனுப்பலை?" என்று கேட்டாய். நீ சந்தேகப்பட்டது சரி. செய்தவன் நான்.

இதை ஒட்டி, அம்பத்தூர் தபால் நிலையத்தில் பதிவுத் தபாலில் சேர்க்கிறேன். பெங்களூர் வர மூன்று நாளாகும். அதுவரை வழக்கம்போல மாலையில் உன் அப்பா வீட்டுக்குப் போவேன். மூன்றாவது சுற்று நடக்கிறது. அவர் மனக்கணக்காகச் சொல்லச் சொல்ல நான் எழுதுகிறேன். பாதியில் நிறுத்தினால் மனுஷன் உடைந்துவிடுவார். அவ்வளவு கல்நெஞ்சு எனக்கு இல்லை.

இப்படிக்கு,
தமிழரசு