ஆற்றைத் தாண்டிய தளபதி

எண்பதுகளின் நடுவில் ஒருநாள், ஜெர்மனியில் வுப்பர்டாலிலிருந்து பீலெஃபெல்டுக்குப் போகிற ரயில். எனக்கு எதிரே இரண்டு யாழ்ப்பாணத்துக்காரர்கள், கல்யாணக் கோட்டுடன். மூத்தவர் தொலைக்காட்சியில் பார்த்த குதிரைப்படைப் படத்தின் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

“ஆத்தைத் தாண்டக் கூடாதெண்டு தளபதிக்குக் கடும் ஓடர். எதிரியள் அவற்ற மகனைப் பிடிச்சு ஆத்துக்கு அங்கால கொண்டுபோட்டாங்கள்.”

“தாண்ட விடச்சொல்லி அன்ராக் எழுதி விண்ணப்பிச்சவரோ, அண்ணை?” என்று இளையவர் கேட்டார்.

“இல்லை. குதிரையைத் தட்டிவிட்டார்.”

“அனுமதிக் கடிதம் இல்லாமலோ! அவற்ற அகதி வழக்கு என்னாகிறது?”

“அந்தாளுக்கு என்னடா வழக்கு? அவர் அந்த நாட்டுக்காரர்.”

“அதுதான் துணிஞ்சு போறார்.”

இளையவர் ஜன்னல் வழியே வெளியே எட்டிப் பார்த்தார்.

“கடிதமில்லாமல் அகதியள் நாங்கள் திரியக்கூடிய மாவட்டம் எங்க மட்டும், அண்ணை?”

“முன்னால வாற பாலத்தோட முடியுது.”

“எங்களிட்டையும் கடிதம் இல்லையே. பிடிச்சால்?”

“நான் கந்தோரில கேட்டனான், அவங்கள் தரேல்லை. அப்பாவும் இல்லை. தங்கச்சியை ஆர் தாரைவார்த்துக் குடுக்கிறது?”

ரயில் பாலத்தில் ஏறியது. கீழே ஆறு தெரிந்ததும் மூத்தவர் கோட்டை இழுத்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். பெட்டியின் கடைசியில் கதவு திறந்து, சீருடையில் ஒருவர் வந்தார்.

“அண்ணை,” என்றார் இளையவர் மெல்ல, “குதிரையெண்டால் ரிக்கற் பாக்க ஒருத்தரும் வரமாட்டினம்.”