உப்பு போட்ட எடம்

பாத்துப்பா மணிவண்ணா, அங்க கால வச்சிடாத. அங்கதான் நாயி பண்ணி வச்சிருக்குது. செருப்ப கழட்டாத, செருப்போடவே வா. என் வூட்டுக்குள்ள செருப்பு போட்டுக்கினு வான்னு ஒரு ஆளப் பாத்து சொல்ற காலம் வந்துடுச்சி பாரு. எல்லாம் இந்தச் சனியனாலதான். இன்னா, கூடையா கொண்டாந்திருக்க? கூடை நல்லதுதான், சாக்குன்னா மூச்சு முட்டும்.

உனக்கும் போன் பண்ணிட்டானா உன் கூட்டாளி ஆரோக்கியராஜ்? எனக்கும் பண்ணான். மணிவண்ணன் வருவான்மா, நாயக் குடுத்தனுப்பு, அனுமந்தையில அவன் வலை ஷெட்டுல காவலுக்குக் கெடக்கட்டும், அது போனாத்தான் நான் அந்த வூட்டுப் படி மிதிப்பேன்னு சொல்லிட்டான். பெத்த புள்ள பேசற பேச்சா இது? ஆனா அவனையும் குத்தம் சொல்ல முடியாது.

உனக்கு நாத்தம் வரலயா? மீனுலயே கெடக்கறவன், உனக்கு எங்க வரப்போவுது. எனக்கு கொடலப் புடுங்குதுப்பா. காப்பி டம்ளர மூக்குகிட்ட கொண்டாந்தா அதுலயும் மூத்திர நாத்தம். பினாயில் ஊத்தியாச்சி, சாம்பிராணி போட்டாச்சி. பாய் ரெண்டு மூணு தூக்கி எறிஞ்சிட்டேன். போர்வைய தொவைச்சி தொவைச்சி என் கையே நாறுது, சீ!

இதக் கொண்டாந்ததே அவன்தான். அவங்க அப்பா உப்பளத்துல வழுக்கி வுழுந்து இடுப்பு போனதுலேருந்து உள்ள ரூம்லயே படுத்துக் கெடக்கறாரு இல்ல, நீ கடலுக்குப் போயிடுவ, அப்பா மொட்டு மொட்டுன்னு செவுத்தப் பாத்துக்கினு இருப்பாரு, ஒரு துணைக்கு இருக்கட்டும்மான்னு... கடலுக்கா சொன்னேன்? உப்பளத்துக்குப்பா. எனக்கு வாய் கொழறுது. இதுக்குப் பேரு பிரின்ஸாம். ராஜா வூட்டுப் புள்ள நட்டநடு வூட்ல ஒக்காந்து கக்கா போவுமா?

மருமவ மேரிசெல்வி போன்ல வீடியோ அனுப்புனா. பேப்பர் விரிச்சிப் போடுங்க அத்தை, அதுல போனா பிஸ்கட் குடுங்கன்னு. விரிச்சேன். பிஸ்கட்டத் துன்னுட்டு, பேப்பரக் கிழிச்சிப் போட்டுட்டு, தரையில போய் ஒக்காருது. என் மூஞ்சியப் பாத்துக்கினே போவுதுப்பா! மானம் ரோஷம் ஒண்ணு கெடையாது.

அப்பறம் நான் இன்னா பண்ணேன், அது போன எடத்துல எல்லாம் ரெண்டு கை உப்பு அள்ளிப் போட்டேன். ஈரத்த இழுத்துக்கும் இல்ல? மரக்காணத்துல உப்புக்கா பஞ்சம்? அந்த மூதேவி அத எப்படிப் புரிஞ்சிக்கிச்சி தெரியுமா? உப்பு போட்ட எடம்தான் கக்கூஸுன்னு. சிரிக்காதப்பா. வாசல்ல நெத்திலிய உப்பு போட்டு காயவச்சிருந்தேன். ஒரு பாய் கருவாடு. நேரா போய் அது நடுவுல காலத் தூக்கிடுச்சி. வாய்க்கு ருசியா துன்னு எவ்ளோ நாளாச்சின்னு ஆசையா போட்டது, அப்படியே வாரிக் குப்பையில கொட்டுனேன்.

ஒரு நாளு உப்பளத்துக்கு என் பின்னாடியே ஓடியாந்துடுச்சி. அதுக்கு அங்க திருவிழா. கண்ணுக்கு எட்டுன வரைக்கும் கக்கூஸ்! பஞ்சநாதன் மொதலாளி புதுசா குவிச்சி வச்ச உப்பு, வெள்ளவெளேர்னு. அதும்மேல ஏறி நின்னு போவுது. ஊரே கொழம்புல போடற உப்பும்மா, ஓட்டு அதன்னு மனுஷன் கத்தறாரு. மேலாப்புல நான் வாரி எறிஞ்சேன். இருந்தாலும் அன்னிலேருந்து சோத்துல உப்பு போடும்போது ஒரு மாதிரியா வருது.

போன ஞாயித்துக்கெழமை மாதாகோயில் முடிஞ்சி புள்ளையும் மருமவளும் வந்தாங்க. அப்பா பக்கத்துல ஒக்காந்து சாப்புடறேன்மான்னு ஆசையா அந்தப் பாய்மேல ஒக்காந்தான். பேண்ட்டெல்லாம் ஈரம். தட்ட வச்சிட்டு எழுந்துட்டான். மேரிசெல்வி துப்பட்டாவால மூக்கப் பொத்திக்கினு தெருவுல போய் நின்னுட்டா. நாயிதான்டா பண்ணிடுச்சின்னாரு அவங்க அப்பா. வுட்டான் பாரு ஒரு ஒதை! கத்திக்கினே போய் அவரு கையிடுக்குலயே பூந்துக்கிச்சி. அவரு செவுத்துப் பக்கம் திரும்பிப் படுத்துட்டாரு.

ஐய, அதுக்குள்ள இன்னாத்துக்குத் தூக்கிக் கூடையில போட்ட? இறக்கி வுடு. முனகுது பாரு, பின்னாடி போவணும்ங்குது. வுடுப்பா, ஓடிப் போவாது. செவுத்தோரம் உப்பு கொட்டி வச்சிருக்கேன், அங்க போயிட்டு தோ வந்துடும். வந்துடுச்சி பாத்தியா.

இன்னாது? மெதுவா பேசு. கிட்ட வா.

ஆமா. வெளிய உப்புலதான் போவணும்னு மழைக்கு முன்னாடியே கத்துக்கிச்சி. உப்பு இல்லாத எடத்துல ஒரு சொட்டு வுடாது. உள்ள பாய்மேல ஏதுப்பா உப்பு?

அவருக்குத் தெரியாமலே ஒண்ணுக்குப் போயிடுதுப்பா. இடுப்பு நரம்பு அடிபட்டதுல. மொத தடவ நான் பாத்தப்ப இது பக்கத்துல படுத்துக்கினு இருந்துச்சி. நாயி பண்ணிடுச்சி போலன்னாரு. ஆமா, சனியன்னேன். அவ்ளோதான் பேசுனோம். எவ்ளோ வேலை செஞ்சிட்டு வந்தாலும் குளிச்சி வேட்டி மாத்தாம சோத்துல கை வைக்காத மனுஷன். அருவருப்பா இருக்குதான்னா இருக்குது, நான் ஏன் பொய் சொல்லணும். கொமட்டிக்கினுதான் வருது. அத அவரு மேல கொட்ட முடியுமா? நாயத் திட்றேன். அவரும் திட்றாரு. ரெண்டு பேரும் நல்லா திட்டிட்டு அப்பறம் சோறு துன்றோம். நீ இத இட்டுக்கினு போயிட்டா நாளைக்கு நாங்க யாரத் திட்றது?

அவன்கிட்ட நாயி புடிபடல, கைக்குச் சிக்காம ஓடுதுன்னு சொல்லிடு. வூட்டுக்கு வரலன்னா போறான், எனக்கும் புள்ள மூஞ்சியப் பாக்கணும்னு இருக்குது, இன்னா பண்றது.

இரு, கூப்புடறாரு. தோ வர்றேங்க! டேய் பிரின்ஸு, மறுபடியும் பண்ணிட்டியாடா, சனியனே! இன்னிக்கி உன் கால ஒடைக்கல, பாரு!

நீ ஏம்பா எழுந்துக்கற, ஒக்காரு. உன் கால்மேலதான் தூங்குது.