சொல்லியாச்சு

கட்டன்சாயா போதும் இன்ஸ்பெக்டர் சார். பால் சேர்த்தால் நெஞ்சு கரிக்கும், அப்புறம் எழுத உட்கார முடியாது.

நான் எழுதுகிறவன் என்று குளச்சலில் எல்லாருக்கும் தெரியும். முதல் நாவல் வந்தபோது கூட்டம் போட்டுப் பொன்னாடை போர்த்தினார்கள். அதோடு எழுத்து நின்றுபோயிற்று. தலைகீழாக நின்று பார்த்தேன். அதிகாலை நடை, வர்ம வைத்தியம், முட்டத்துப் பாறைமேல் தனிமை, ஒன்றும் பலிக்கவில்லை. "அடுத்தது எப்ப சாரே?" என்று கேட்பவர்களைக் கண்டால் சந்து மாறிப் போவேன். அந்த அவமானம் உங்களுக்குப் புரியாது.

வயர்லெஸ் விஷயத்துக்கு வருகிறேன். தெருவில் என் மாடிதான் உயரம். படகுக்காரர்கள் அதில் ஆண்டெனா நட்டு, கடலில் போகும் படகுகளோடு பேசும் கரைப்பெட்டியை என் மேசையருகே வைத்தார்கள். எந்நேரமும் வீட்டில் சும்மா இருப்பவன் என்று நினைத்திருப்பார்கள். கடலில் கைபேசி எடுக்காது. பெட்டியில் வரும் தகவலை வீடுகளுக்குச் சொல்வது என் பொறுப்பு. நான் சொன்னால் போதும், பெண்கள் வேறெங்கும் விசாரிக்க மாட்டார்கள்.

ஒருநாள் உவைஸின் படகு பேசியது, நாளைக்குக் கரையேறுகிறோம் என்று. ஏதோ யோசனையில் மறந்துவிட்டேன். அவன் மனைவி ரிஸ்மா வந்தாள்.

"சாரே, அவிய வள்ளம் வல்லதும் பேசிச்சா?"

"இல்லையே" என்று வாய்தவறி வந்துவிட்டது. சிரித்தபடிதான் தலையாட்டினாள். ஆனால் கை மட்டும் வாசல் கம்பியைப் பிடித்தது, விடவில்லை. அந்தக் கையை அன்று மத்தியானமே எழுதினேன். மடை திறந்த மாதிரி வந்தது. சந்தோஷத்தில் அழுதேன் சார்.

பிறகு வேண்டுமென்றே தாமதித்தேன். சின்னத் தாமதங்கள்தான், யாருக்கும் நஷ்டமில்லை. ஆனால் ரிஸ்மாவுக்கும் அது பழகிப்போயிற்று. கை கம்பிக்குப் போவதில்லை. நாவல் பாதியில் முட்டிக்கொண்டு நின்றது.

புயல் எச்சரிக்கை வந்து மற்ற படகுகளெல்லாம் கரையேறிவிட்டன. உவைஸின் படகு மட்டும் வரவில்லை. காலையில் பெட்டியில் அவன் குரல் கேட்டது.

"சாரே, எஞ்சின் நின்னுபோச்சு. காத்து உள்கடலுக்குத் தள்ளுது. வேற ஆருக்கும் நாங்க பேசுறது கேக்கல்ல. மீனவர் சங்கத்துல சொல்லி எங்கள இழுத்துவர ஒரு போட்டு விடச் சொல்லுங்கோ. ரிஸ்மாட்ட மட்டும் சொல்லாண்டாம், பயந்துருவா."

இருக்கும் இடத்தையும் சொன்னான். நான் திருப்பிச் சொல்லிச் சரிபார்த்துக்கொண்டேன். அப்போது கீழே யாரோ வந்த சத்தம். பெட்டியின் ஒலியைக் குறைத்துவிட்டு எட்டிப் பார்த்தேன். ரிஸ்மா. மறுபடியும் அவள் கை கம்பியைப் பிடித்திருந்தது.

"ஒரு தகவலும் இல்லம்மா" என்று அனுப்பிவிட்டு எழுத உட்கார்ந்தேன்.

மத்தியானம் உவைஸ் மறுபடி கூப்பிட்டான். "சொல்லியாச்சு மக்கா, போட்டு கிளம்பிட்டு" என்றேன். பேட்டரி தீராமல் இருக்கப் பெட்டியை அணைத்துவைப்பதாகச் சொன்னான். நன்றியும் சொன்னான். அத்தியாயம் முடிந்ததும் சங்கத்துக்குப் போவதாகத்தான் இருந்தேன். அது நன்றாக வந்துகொண்டிருந்தது, நீண்டுவிட்டது.

உவைஸோடு அந்தப் படகில் போன முத்துநாயகத்தை ஏதோ கப்பல் மீட்டது என்றும், 'கரையில சொல்லியாச்சு' என்று நான் சொன்னதை அவர் உங்களிடம் சொன்னார் என்றும் அறிந்தேன். உண்மைதான், சொன்னேன். உவைஸும் கூடப் போன சத்தியராஜும் கிடைக்கவில்லை என்கிறீர்கள். நாவல் முடிந்துவிட்டது.

ரிஸ்மா வெளியே நிற்கிறாளாமே. வரச் சொல்லுங்கள், எனக்குப் பயமில்லை. உவைஸ் என்னிடம் இரண்டு காரியம் கேட்டான். அதில் ஒன்று, அவளிடம் சொல்ல வேண்டாம் என்பது. இன்றுவரை நான் சொல்லவில்லை. அவள் புருஷன் கடைசியாகக் கேட்டதை நான் மீறவில்லை என்று அவளுக்குத் தெரிய வேண்டும்.