வீட்டை வாற பெடியன்

— தொடங்கின உடனேயே கடைசிக் கட்டத்தைக் காட்டிப்போட்டாங்கள். அதுவும் தலைகீழா. படமெடுக்கத் தெரியாதவங்கள், பிள்ளை.

— அப்பா, முதல்ல சீற்றில இருங்கோ. ரெயின் வெளிக்கிடப்போகுது. லூயிஷாம் ஸ்டேசன் வரைக்கும் நிண்டுகொண்டே வரப்போறீங்கள்?

— இருக்கிறன். நீ சொல்லு கோசிகா, நான் பிழையாவே சொல்லுறன்? அந்த ஜப்பான் படக்கதைப் புத்தகத்தில பெடியன் ரெயினால இறங்கி, மழைக்குள்ள குடையோட நடந்து, கதவைத் திறந்து வாறான். தாய் அடுப்படியில நிக்கிறா. அதோட கதை சரி. அதைப் படமாக்கின இதில தாயை விட்டிட்டு, கிற்றாரையும் தூக்கிக்கொண்டெல்லே ரெயின் ஏறுறான்.

— படம் முடியும் வரைக்கும் உதையே யோசிச்சுக்கொண்டு இருந்தனீங்கள்?

— வேறென்ன செய்யிறது? அந்த ரொக் சத்தத்துக்குள்ள நித்திரையும் கொள்ளேலாது. பாடுறவன்ர முடியை ஆராவது ஒதுக்கிவிட்டிருந்தா முகத்தையாவது பாத்திருப்பன்.

— அண்ணாவின்ர முடியையும் உப்பிடித்தான் சொல்லுவீங்கள்.

— ஓம், சொன்னனான். கிற்றாரை வித்துப்போட்டு ஒழுங்கா ஒரு வேலைக்குப் போ எண்டதும் நான்தான். அந்தக் கோவத்திலதானே புத்தகத்தை என்ர கட்டில்ல வைச்சிட்டு வீட்டை விட்டுப் போனவன். பிரியந்தன் வாயால சொல்லமாட்டான், கண்டியோ. கோவம் ஆற வருவன் எண்டு அந்தப் புத்தகத்துப் படத்தால சொன்னவன்.

— அப்பா, அந்தப் புத்தகத்தை எந்தப் பக்கத்தால வாசிச்சனீங்கள்?

— இதென்ன கேள்வி? புத்தகம் வாசிக்கிற பக்கத்தால.

— இடப்பக்கத்து அட்டையைத் திறந்து?

— ஓம். திறந்த உடனே பெரிசா 'நிப்பாட்டு' எண்டு இங்கிலீசில போட்டிருந்தது. சிகரெட்டை நிப்பாட்டச் சொல்லுற விளம்பரமாக்கும் எண்டு திருப்பிப்போட்டன்.

— பிழையான பக்கத்தைத் திறந்திட்டீங்கள் எண்டு அதில எழுதியிருக்கப்பா. ஜப்பான் புத்தகம் வலப்பக்கத்தாலதான் தொடங்கும். ஒரு பக்கத்தில இருக்கிற படங்களும் வலத்தால இடத்துக்கு. நீங்கள் கடைசி எண்டு நினைச்சதுதான் முதல் பக்கம்.

— விசர்க்கதை கதையாதை.

— வாசிக்கேக்க ஒண்டுமே உங்களுக்கு இடிக்கேல்லையா?

— கேள்விக்கு முன்னம் மறுமொழி வந்தது. அந்தச் சனம் அப்பிடித்தான் கதைக்குமாக்கும் எண்டு விட்டிட்டன்.

— அவன் வீட்டை வரேல்லையப்பா. வீட்டை விட்டுப் போறான். கதை அதிலதான் தொடங்குது.

— பிறகு? அடுத்த அடுத்த புத்தகங்களிலயாவது வருவான்தானே?

— வரேல்லை. மிச்சம் எல்லாத்தையும் நான் தேடி எடுத்து வாசிச்சிட்டன். தகப்பனைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

— உனக்கு எப்ப தெரியும்?

— போன கிழமை. தனியப் போய் இந்தப் படத்தைப் பாத்தனான். நீங்கள் அந்தப் புத்தகத்தைச் சாமிப்படத்துக்குப் பக்கத்தில வைச்சுக்கொண்டு ஒருத்தரையும் தொடவிடேல்லை. வருவன் எண்டு சொல்லிப்போட்டுப் போயிருக்கிறான் எண்டீங்கள். நானும் நம்பினன். வாயால சொல்ல ஏலாமத்தான் இண்டைக்கு உங்களைக் கூட்டிக்கொண்டு வந்தனான்.

— அதை நம்பித்தானே பிள்ளை உன்ர கலியாணத்தை ரெண்டு தரம் தள்ளி வைச்சனான். மாப்பிள்ளைக்குக் கால் கழுவ, தோழனா நிக்க, கூடப்பிறந்தவன் வந்திடுவான் எண்டு.

— ஓம்.

— மாப்பிள்ளைப் பெடியன் தர்சிகன்ர தாய் தகப்பன் வீடு தேடி வந்து கலியாணம் எப்ப எண்டு கேட்டவை. அவைக்கும் அந்தப் பக்கத்தைத்தான் எடுத்துக் காட்டினனான். இஞ்சை பாருங்கோ, வாறான் எண்டு.

— தெரியும். நான்தானே தேத்தண்ணி கொண்டுவந்தனான்.

— அந்தத் தாய் மனுசி தேத்தண்ணியையும் குடியாமல் எழும்பிப் போயிட்டா.

— விடுங்கோ அப்பா.

— இல்லைப் பிள்ளை, இனி அவனைப் பாத்திருந்து பலனில்லை. சித்தப்பாவின்ர மகன் அபிஷன் தோழனா நிக்கட்டும். அவனும் உனக்குத் தம்பிதானே. தையில நாள் வைப்பம். வீட்டை போன கையோட தர்சிகன்ர வீட்டுக்கு நானே போன் எடுக்கிறன்.

— எடுக்காதேங்கோ.

— ஏன், அவைக்கு என்னில கோவமே? மன்னிப்புக் கேக்கிறன். என்ர பிள்ளைக்காகக் கேக்கிறதில எனக்கென்ன வெக்கம்?

— தர்சிகனுக்குத் தையிலதான் கலியாணம் அப்பா. பொம்பிளை வேறை, விம்பிள்டன்காரி.