பனிக்காலத்தில் வரைந்த மேப்பு

ஹலோ... ஹலோ, ஜெரமையா! எங்க இருக்கே நீ? ... சாயங்காலம் கல்யாணம். நான் இங்க தலைவாரி உட்கார்ந்திருக்கேன், நீ இன்னும் வந்து சேரலியே! ...

என்னது, சேறா? முழங்கால் வரைக்குமா? கல்யாணக் கோட்டோடவா! ... சிரிக்கல. சிரிக்கலங்கறேன்! ... படகை விட்டு இறங்கி அந்தக் குறுக்கு வழியில போகச் சொல்லி யாரு சொன்னா? ...

எந்த மேப்பு? ... எங்க ஊர் மன்றத்துச் சுவத்துல தொங்குதே, அந்தப் பழசையா போன்ல படம் புடிச்சு வச்சிருக்கே? அடப்பாவி! அது சர்வேக்காரங்க நாய் இழுக்கற பனிவண்டியில வந்து பனிக்காலத்துல வரைஞ்சதுப்பா. அப்ப சதுப்பெல்லாம் கல்லா இறுகிக் கிடக்கும். அதுல இருக்கற புள்ளிக்கோடு அந்தப் பனிவண்டித் தடம். கோடையில போனா ஆத்துல ஒரு கால், சேத்துல ஒரு கால்தான்! ...

ம்... ம்... ஆத்துல உன் சின்னப் படகுக்கே திரும்பிட்டியா? நல்லது, நல்லது. ... என்ன, மேப்புல இனிமே தடையே இல்லையா? ஒரே ஓட்டமா வர்றியா? ... ஏய், நில்லு! மோட்டரை நிறுத்து! நிறுத்துன்னா! ... அந்த சர்வேக்காரங்க ஆறு உறைஞ்ச பனி மேல போனாங்க ஜெரமையா, அடியில பாறையும் சுழலும் இருக்கறது எப்படித் தெரியும்? வளைவு தாண்டினா படகு சுக்குநூறு! ... நிறுத்திட்டியா? ... அப்பாடா. எனக்கு உயிரே போயிடுச்சு.

எங்க ஒதுங்கறதா? இடது... இல்ல... இரு, அப்பா வர்றாரு. ... ஆமாமா, 'கடற்கரைப் பயலுக்கா என் பொண்ணு'ன்னு உன்கிட்ட முகம் குடுத்தே பேசாத அதே அப்பாதான்! ... அப்பா, அவரு சுழலுக்கு முன்னாடி நிக்கறாரு, எந்தக் கரையில... ஆ? ... ஜெரமையா, இடது கரை. உசந்த ஊசியிலை மரம், நடுவுல கிளையெல்லாம் வெட்டி, உச்சியில மட்டும் குடுமி. தெரியுதா? ... தெரியுதா! அதுக்குக் கீழ ஒதுங்கு. அங்கேர்ந்து படகைத் தூக்கிட்டு சுழலைச் சுத்தி நடக்கப் பாதை இருக்கு. ...

அப்பா, அங்க அப்படி மரம் கிடையாதே? ... நீங்களா வெட்டினீங்க? யார் பேருக்கு? ...

ஜெரமையா... உங்க பனிக் கடற்கரையில மரமே முளைக்காது, உனக்கெங்க தெரியும். மனசார மதிக்கற ஆளுக்குத்தான் இங்க அப்படி மரம் வெட்டுவாங்க. அது உனக்காம். அந்த முட்டிவலியோட எங்கப்பாவே ஏறி வெட்டியிருக்காரு! ... ஹலோ? ... ஏய், அழாதே. எனக்கும் வருது பாரு. ...

என்னப்பா? ... 'மாப்பிள்ளையைச் சீக்கிரம் வரச் சொல்லு'ங்கறாரு. கேட்டுச்சா? மாப்பிள்ளைன்னாரு! ... வை, வை போனை. படகைத் தூக்கு!